அத்தியாயம் 4: சோற்றுக்குப் பக்கத்தில் என்ன வைப்பது?

தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருக்கும் வீட்டில் சோற்றுக்குப் பஞ்சமில்லை. 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கொடுக்கிறார்கள். இவ்வளவு இருந்தும், ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருப்பதாகச் சொல்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் அது 57 சதவீதம். வயிறு நிறைகிறது, உடம்பு தேறவில்லை.

காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டாம். கையில் காசு குறையும் மாதத்தில் நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதலில் முட்டை நிற்கும். அடுத்து சாம்பார் நீர்க்கும். பொரியல் கரண்டி அளவுக்குச் சுருங்கும், கீரை வாரத்தில் ஒரு நாளாகும். சோறு மட்டும் குறையாது. பசிக்கிறதே என்று இன்னொரு கரண்டி கூடும். விலையில்லாமல் வரும் அரிசியைக் கூட்டிக்கொண்டு, உடம்புக்கு வேண்டியதையெல்லாம் குறைத்துக்கொள்கிறோம். இந்த வரிசையைத் திருப்பிப் போடுவதற்குத்தான் இந்த அத்தியாயம். சோற்றுக்கான காசு ஏற்கெனவே மிச்சமாகிவிட்டது. அந்தக் காசு எங்கே போகிறது, அதைப் பருப்புக்கும் கீரைக்கும் முட்டைக்கும் எப்படித் திருப்புவது என்பதுதான் இனி வருவது.

முதலில் ஓர் அளவு வேண்டும். ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நாளுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பு பயறு 85 கிராம், காய்கறி கீரை 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, எண்ணெய் 27 கிராம், கடலை எள் போன்றவை 35 கிராம். அசைவம் சாப்பிடுபவர்கள் பருப்பின் ஒரு பங்குக்குப் பதிலாக முட்டை, மீன், கறி வைத்துக்கொள்ளலாம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு மாதத்துக்குப் பெருக்கினால் தானியம் 30 கிலோ, பருப்பு பயறு 10 கிலோ.

இப்போது உங்கள் வீட்டு மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். துவரம்பருப்பு 2 கிலோ, உளுந்து 1 கிலோ, கடலைப்பருப்பும் பாசிப்பருப்பும் கால் கால் கிலோ என்று இருக்கும். மொத்தம் மூன்றரை கிலோ. தேவைக்கு மூன்றில் ஒரு பங்குதான் வருகிறது. ஒரே மாதத்தில் 10 கிலோவுக்குத் தாவச் சொல்லவில்லை. அது முடியாது, வயிறும் ஒத்துக்கொள்ளாது. மூன்றரையை ஆறாக்குங்கள். மீதியை முட்டையும் வேர்க்கடலையும் பார்த்துக்கொள்ளும்.

ரேஷன் அரிசியை விட்டுவிடாதீர்கள்

நான்கு பேர் வீட்டில் பொன்னி அரிசி மாதம் 20 கிலோ வாங்கினால், கிலோ 60 ரூபாய் என்று வைத்தாலும் 1,200 ரூபாய். (இந்த அத்தியாயத்தில் வரும் கடை விலைகள் கணக்கு விளங்குவதற்காகச் சொல்பவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.) ஏழை வீட்டு மளிகைச் செலவில் இதைவிடப் பெரிய தொகை வேறு எதுவும் இருக்காது. ரேஷன் அரிசியை வாங்காமல் விடுவதும், வாங்கி மாவு அரைப்பவருக்குக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவதும் இந்த 1,200 ரூபாயைத் தெருவில் போடுவதற்குச் சமம். விற்பது சட்டப்படி குற்றம் என்பது வேறு.

பழைய வாடை, குண்டு அரிசி, பிள்ளைகள் சாப்பிட மறுக்கிறார்கள் என்பதெல்லாம் உண்மையான குறைகள்தான். வழி இருக்கிறது. புழுங்கல் அரிசியை இரண்டு முறை கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து வடித்தால் வாடை பெருமளவு போய்விடும். சோறாகப் பிடிக்கவில்லை என்றால் இட்லிக்குப் போடுங்கள். நான்கு பங்கு ரேஷன் புழுங்கலுக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம் போட்டு அரைத்தால் கடை இட்லி அரிசியில் வருவது போலவே மெத்தென்று வரும். அடைக்கும் இதுவே நல்லது. ரேஷன் பச்சரிசியை அரைத்துவைத்தால் புட்டுக்கும் இடியாப்பத்துக்கும் ஆகும். இப்படி மூன்று வேளையில் ஒன்றரை வேளையை ரேஷன் அரிசியில் ஓட்டிவிட்டால், பொன்னி 8 அல்லது 10 கிலோ போதும். 600 ரூபாய் கையில் நிற்கும். அந்தப் பணத்துக்குத்தான் இனி வேலை.

புழுங்கல் அரிசிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் தீட்டிய பச்சரிசியைவிட இதில் சத்து கூடுதல். ரேஷன் கடைகளில் செறிவூட்டிய அரிசியும் வந்திருக்கிறது. அரிசி மாவோடு இரும்புச்சத்து, போலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவில் செய்த மணிகளை நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலக்கிறார்கள். இவை கொஞ்சம் வெளுப்பாக இருக்கும், கழுவும்போது சில மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பொறுக்கி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து எறியாதீர்கள். அந்த மணியில்தான் சத்தே இருக்கிறது.

ஒரு கிராம் புரதத்துக்கு எவ்வளவு கொடுக்கிறோம்?

கிலோ என்ன விலை என்று கேட்டு வாங்குவது நம் பழக்கம். சிக்கனமாகச் சாப்பிட நினைப்பவர் கேட்க வேண்டியது, இந்தக் காசுக்கு எத்தனை கிராம் புரதம் என்பது. உணவில் விலை கூடிய சத்து புரதம்தான். நம் தட்டில் குறைவதும் அதுதான். வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 கணக்கு. 55 கிலோ எடை உள்ளவருக்கு நாளுக்கு ஏறத்தாழ 45 கிராம். இதில் 20 கிராம் வரை சோற்றிலிருந்தே வந்துவிடும். மீதி 25 கிராமுக்குத்தான் நாம் காசு தேட வேண்டும்.

துவரம்பருப்பில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 22 கிராம் புரதம். கிலோ 160 ரூபாய்க்கு வாங்கினால் ஒரு கிராம் புரதம் 73 காசு. அதே பருப்பு ரேஷனில் 30 ரூபாய். அப்போது 14 காசுதான். ரேஷன் பருப்பை ஒரு மாதம்கூட விடக் கூடாது என்பதற்கு வேறு காரணம் வேண்டாம். கொள்ளு 80 ரூபாய் என்றால் 37 காசு. சோயா உருண்டை 150 ரூபாய் என்றால் 30 காசு. வேர்க்கடலை 140 ரூபாய்க்கு 58 காசு. முட்டை 6 ரூபாய் என்றால் ஒரு கிராம் ஒரு ரூபாய். பால் ஒன்றரை ரூபாயை நெருங்கும். எலும்பு போகப் பார்த்தால் பிராய்லர் கோழி கிட்டத்தட்ட இரண்டு ரூபாய்.

இனி, பிள்ளைகள் வளர்வதற்கென்று பாலில் கலக்கும் டப்பா மாவை எடுத்துக்கொள்வோம். அரை கிலோ 300 ரூபாய், 100 கிராமில் 7 கிராம் புரதம் என்றால் ஒரு கிராம் எட்டரை ரூபாய்க்கு மேல். டப்பாவின் பின்பக்கம் சர்க்கரை அளவையும் படியுங்கள், மனசு கேட்காது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆரோக்கிய பானம் என்று ஒரு வகையே கிடையாது என்பதால், இவற்றை அந்தப் பெயரில் விற்க வேண்டாம் என்று ஒன்றிய அரசு 2024 ஏப்ரலில் இணைய விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. இந்த ஒரு டப்பாவை நிறுத்தினால் மாதம் 50 முட்டை வாங்கலாம். இந்த நூல் முழுவதிலும் உடனே கேட்கக்கூடிய ஓர் அறிவுரையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

விலை குறைவு என்பதற்காகக் கொள்ளையும் சோயாவையும் மட்டுமே தின்ன முடியாது, வேண்டியதும் இல்லை. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் நிறைய இருக்கிறது. பருப்பில் குறைவது அரிசியில் கிடைக்கிறது. மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்று சேரும்போது இரண்டும் ஒன்றையொன்று நிரப்பிக்கொள்கின்றன. இட்லி, பொங்கல், அடை, சாம்பார் சாதம் எல்லாம் இந்தச் சேர்க்கைதான். அளவு மட்டும் சரியாக வேண்டும். நான்கு பேருக்கு ஒரு கைப்பிடி பருப்பு போட்டுச் சாம்பார் வைத்தால் அது புளித்தண்ணீர். நான்கு பேருக்கு ஒரு வேளைக்கு 150 கிராம் பருப்பு போட வேண்டும். ஒரு முறை நிறுத்துப் பார்த்து, அது எந்த டம்ளரில் எவ்வளவு வருகிறது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

கொள்ளு: ஒரு வேகவைப்பு, இரண்டு பதார்த்தம்

கொங்கு நாட்டில் கொள்ளு சமைக்கும் முறை சிக்கனத்துக்கு நல்ல பாடம். நான்கு பேருக்கு 200 கிராம் கொள்ளு எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளில் கல் வரும். முறத்தில் புடைத்துப் பொறுக்கிவிட்டு, தண்ணீரில் அரித்தெடுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் பல்லில் கடிபடும், அடுத்த முறை வீட்டில் யாரும் கொள்ளைத் தொட மாட்டார்கள். இரவு ஊறப்போட்டுவிடுங்கள். காலையில் நாலு டம்ளர் தண்ணீர் விட்டுக் குக்கரில் ஆறேழு விசில். நகத்தால் அழுத்தினால் நசுங்க வேண்டும்.

வெந்த தண்ணீரைத் தனியாக வடித்துக்கொள்ளுங்கள். அதில் கொஞ்சம் புளி, தட்டிய மிளகு சீரகம் பூண்டு, கறிவேப்பிலை போட்டு நுரை கட்டியதும் இறக்கினால் ரசம். மீதியுள்ள கொள்ளுக்குச் சின்ன வெங்காயம் பத்து, பூண்டு நாலு பல், காய்ந்த மிளகாய் மூன்று, சீரகம் ஒரு ஸ்பூன், ஒரு தக்காளி எல்லாம் ஒரு ஸ்பூன் எண்ணெயில் வதக்கி, கொள்ளோடு சேர்த்துக் கரகரப்பாக அரைக்க வேண்டும். விழுதாக அரைபட்டால் ருசி போய்விடும். சுடுசோற்றில் இதைப் பிசைந்து, மேலே ரசம் விட்டுச் சாப்பிட்டால் ஆளுக்கு 10 கிராமுக்கு மேல் புரதம். கொள்ளின் விலை மொத்தம் 16 ரூபாய். அப்பளம் கேட்கும் பிள்ளைகளுக்கு அன்று மட்டும் சுட்டுக் கொடுங்கள்.

தட்டைப்பயறு, மொச்சை, பச்சைப்பயறு, கறுப்புக் கொண்டைக்கடலை எல்லாவற்றுக்கும் இரவு ஊறவைப்பது பொது விதி. ஊறினால் கேஸ் பாதியாகும், வயிற்று உப்புசமும் குறையும். வாரத்தில் இரண்டு நாள் பச்சைப்பயறை முளைகட்டுங்கள். முளைக்கும்போது வைட்டமின் சி உண்டாகிறது. கொண்டைக்கடலையில் வெள்ளையைவிடக் கறுப்பு விலை குறைவு, நார்ச்சத்து கூடுதல். சுண்டலுக்கு அதுதான் ருசியும். பயறு வண்டு பிடிப்பதுதான் எல்லோருக்கும் பெரிய தொல்லை. மாத ஆரம்பத்தில் வாங்கியதும் ஒரு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, சூடு ஆறிய பிறகு இறுக மூடும் டப்பாவில் காய்ந்த மிளகாய் போட்டு வையுங்கள். விலை குறைந்ததென்று மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கிப் பாதியை வண்டுக்குக் கொடுப்பதைவிட ஒரு மாதத்துக்கு வாங்குவதே லாபம்.

வேர்க்கடலையில் ஓர் எச்சரிக்கை. சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது, கசப்பது எதுவானாலும் எறிந்துவிடுங்கள். அதில் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கலாம், வறுத்தாலும் போகாது.

சந்தைக்கு எந்த நேரத்தில் போவது

உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கியது. இன்று பெரும்பாலான நகரங்களில் ஒன்றாவது இருக்கிறது. விவசாயியே கொண்டுவந்து விற்கிறார், இடையில் ஆள் இல்லை. வாசலில் அன்றைய விலைப்பலகை இருக்கும். அதைப் படித்துவிட்டு உள்ளே போனால் பேரம் பேசவே தேவையில்லை. என்ன வாங்குவது என்று வீட்டிலேயே முடிவுசெய்துகொண்டு போகாதீர்கள். கீரை ஒன்று, நாட்டுக் காய் மூன்று, கிழங்கு ஒன்று, பழம் ஒன்று என்று இனத்தை மட்டும் முடிவுசெய்யுங்கள். எந்தக் காய் என்பதை விலைப்பலகை சொல்லட்டும்.

காலையில் முதலில் போகிறவருக்கு நல்ல கீரை கிடைக்கும். சந்தை முடியும் நேரத்தில் போகிறவருக்குக் குறைந்த விலை கிடைக்கும்; மிச்சத்தைத் திரும்பச் சுமந்துபோக யாருக்கும் மனமிருக்காது. பரங்கி, சுரை, சேனை, வாழைக்காய், வாழைத்தண்டு போன்றவை எந்த நேரத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்பதால் அவற்றைக் கடைசி நேரத்தில் வாங்கலாம். கீரையையும் வெண்டையையும் அப்படி வாங்கினால் வாடியதுதான் வரும். வாரத்தில் ஒரு நாள் சீக்கிரமும் ஒரு நாள் தாமதமாகவும் போகிறவர் இரண்டு நன்மையையும் பெறலாம். உழவர் சந்தை இல்லாத ஊரில் வாரச்சந்தைக்கும் இதே கணக்குதான்.

விலை ஏறும் காலத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டால் வீண் செலவு குறையும். முருங்கைக்காய் கோடையில் கட்டுக்கட்டாக வரும். மார்கழி தை மாதங்களில் ஒரு காயைக் கேட்டாலே பயமாக இருக்கும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது பல வீடுகளில் காய்கறிச் செலவு முழுவதும் அதற்கே போனது. தக்காளி இல்லாமல் நம் சமையல் நிற்காது. புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, மாங்காய் போட்ட பருப்பு, எலுமிச்சை ரசம் என்று புளிப்புக்கு எத்தனையோ வழிகள் இருக்கின்றன. விலை ஏறிய காயை அது இறங்கும்வரை மறந்துவிடுவதுதான் நல்லது.

கேரட், பீன்ஸ், காலிஃபிளவர் வாங்கினால்தான் சத்து என்று ஓர் எண்ணம் இருக்கிறது. கேரட்டில் கண்ணுக்கு நல்லது என்று சொல்லும் பீட்டா கரோட்டின் மஞ்சள் பரங்கியிலும் பப்பாளியிலும் முருங்கைக்கீரையிலும் இருக்கிறது. ஆப்பிளைவிடக் கொய்யாவில் வைட்டமின் சி பல மடங்கு அதிகம். நெல்லிக்காயில் அதற்கும் மேல். காய்ச்சலில் கிடக்கும் ஒருவரைப் பார்க்கப் போகும்போது ஆப்பிள் வாங்கிப் போகும் வழக்கத்தை விட்டு, அந்தக் காசுக்குக் கொய்யாவும் முட்டையும் வாங்கிப் போனால் உண்மையில் உதவியாக இருக்கும்.

கீரைகளில் முருங்கைதான் ஏழைக்கு முதல் தேர்வு. கொல்லையிலோ தெருவிலோ ஒரு மரம் இருந்தால் காசே இல்லை. 100 கிராம் இலையில் 6 கிராம் புரதமும் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் உண்டு. உருவுவதற்குத்தான் சோம்பல். கட்டை ஒரு துணியில் சுற்றி இரவு வைத்துவிட்டால் காலையில் இலை தானே உதிரும். எந்தக் கீரையையும் நறுக்குவதற்கு முன் அலசுங்கள். நறுக்கிய பிறகு அலசினால் சத்து தண்ணீரோடு போகும். வெந்த கீரையில் எலுமிச்சைச் சாறு கொஞ்சம் பிழிந்தால் இரும்புச்சத்து உடம்பில் கூடுதலாகச் சேரும். சாப்பிட்டதும் டீ குடித்தால் அது குறையும், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். முள்ளங்கி, பீட்ரூட் வாங்கும்போது இலையை ஒடித்துப் போட்டுவிடச் சொல்லாதீர்கள். அதுவும் கீரைதான், காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம்.

முட்டை, மீன், பால்

பருப்பிலும் கீரையிலும் கிடைக்காத ஒன்று பி12. இயற்கையாக அது பால், தயிர், முட்டை, மீன், கறியில்தான் இருக்கிறது. அதனால் எவ்வளவு முடை வந்தாலும் இந்த வரிசையில் ஒன்றையாவது விடக் கூடாது. முட்டை சாப்பிடும் வீடு என்றால் ஆளுக்கு வாரம் நான்கு என்று தொடங்குங்கள். சில்லறையில் ஒன்றிரண்டு வாங்காமல் 30 முட்டை உள்ள அட்டையாக வாங்கினால் விலை குறையும். புரட்டாசியில் பல வீடுகளில் அசைவம் நிறுத்துவதால் கோழியும் மீனும் முட்டையும் இறங்கும். விரதம் இல்லாதவர்களுக்கு அது நல்ல மாதம்.

மீனில் வஞ்சிரத்தையும் வவ்வாலையும் மறந்துவிடுங்கள். மத்தி போதும். குமரிப் பக்கத்தில் சாளை என்பார்கள். இதயத்துக்கு நல்ல ஒமேகா 3 கொழுப்பு விலை கூடிய மீன்களைவிட இதில் குறைவில்லை. சின்ன மீனாதலால் மண்சட்டியில் புளி விட்டுக் கொதிக்கவைத்தால் மறுநாள் முள்ளும் மெத்தென்றாகிவிடும். முள்ளோடு தின்றால் கால்சியமும் கிடைக்கும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அப்போது மீன் விலை எகிறும். அந்த இரண்டு மாதமும் முட்டைக்கு மாறிக்கொள்ளுங்கள், அல்லது நெத்திலிக் கருவாட்டை வெந்நீரில் இரண்டு முறை ஊறவைத்து உப்பைக் குறைத்துச் சமையுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் கருவாடு வேண்டாம்.

கறிக்கடையில் கோழி ஈரல் தனியாகக் கேட்டால் கறியைவிடக் குறைந்த விலைக்குத் தருவார்கள். இரும்புச்சத்தும் பி12ம் அதில் நிறைய. மாதம் இரண்டு முறை மிளகு போட்டு வறுத்தால் இரத்தம் குறைந்தவர்களுக்கு நல்லது. கர்ப்பிணிகள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும், ஈரலில் வைட்டமின் ஏ மிகுதி.

பாலில் கொழுப்பு கூடக் கூட விலை கூடுகிறது. புரதமும் கால்சியமும் எல்லாப் பாக்கெட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆவினில் சமன்படுத்திய பாலான நீலப் பாக்கெட்டை வாங்கி, அதில் ஒரு பங்கைத் தயிராக்கிக்கொள்ளுங்கள்.

காசு ஒழுகும் இடங்கள்

எண்ணெய்க் கணக்கு எளிது. நாளுக்கு ஆளுக்கு 27 கிராம் என்றால் நான்கு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர். மாத ஆரம்பத்தில் மூன்றரை லிட்டரை ஒரே கேனில் ஊற்றி வையுங்கள். 20ஆம் தேதிக்கு முன் தீர்ந்தால், எண்ணெய் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். ரேஷன் பாமாயிலில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு. எல்லாவற்றுக்கும் அதையே ஊற்றாமல், ஒரு லிட்டர் பாமாயில், மீதி கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ என்று கலந்து புழங்குங்கள். பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சாதீர்கள்.

பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டின் பின்னால் எடை எழுதியிருக்கும். 20 கிராம் என்றால் கிலோ 500 ரூபாய். உருளைக்கிழங்குக்கு நாம் கொடுக்கும் விலையை நினைத்துப் பாருங்கள். இரண்டு பிள்ளைகள், தினம் ஆளுக்கு ஒரு பாக்கெட் என்றால் மாதம் 600 ரூபாய். வேண்டாம் என்று சொன்னால் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். பள்ளி விட்டு வரும்போது பசியோடு வருகிறார்கள், அந்தப் பசிக்கு ஏதாவது தயாராக இருக்க வேண்டும். அவித்த வேர்க்கடலை, சுண்டல், பொட்டுக்கடலையும் வெல்லமும், கடலை மிட்டாய், மக்காச்சோளம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்று நாளுக்கு ஒன்றாக வைத்தால் பாக்கெட்டை அவர்களே மறப்பார்கள். பெரியவர்களின் செலவையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நியாயம். தினம் இரண்டு டீ, ஒரு வடை என்று வெளியில் 40 ரூபாய் போனால், 25 நாள் வேலையில் 1,000 ரூபாய். டீயை விடச் சொல்லவில்லை, வடைக்குப் பதில் வீட்டிலிருந்து கடலை எடுத்துப் போகலாம்.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு மதிய உணவும் வேலை நாட்களில் முட்டையும் உண்டு. தொடக்கப்பள்ளிகளில் 2022 செப்டம்பர் 15 முதல் காலை உணவும் வந்திருக்கிறது. சிலர் கௌரவக் குறைவென்று பிள்ளைகளை அதில் உட்காரவிடுவதில்லை. அது உங்கள் பிள்ளையின் உரிமை, உங்கள் வரிப்பணம். அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் சத்துமாவு கொடுக்கிறார்கள். பெயரைப் பதிந்து, மாதம் தவறாமல் வாங்குங்கள்.

ஒரு வாரம் எப்படி இருக்கும்

அரிசிக்கான 600, டப்பா மாவுக்கான 300, பாக்கெட்டில் மிச்சமாகும் 400 என்று வைத்தால் மாதம் 1,300 ரூபாய் கைக்கு வருகிறது. இதில் நான்கு பேருக்கு 64 முட்டை, இரண்டரை கிலோ கூடுதல் பயறு, இரண்டு கிலோ வேர்க்கடலை அடங்கிவிடும். மீதியிருப்பது கீரைக்கும் கொய்யாவுக்கும்.

திங்களன்று இட்லியும் பருப்புச் சாம்பாரும், மதியம் முருங்கைக்கீரைப் பொரியலும் ரசமும், இரவு மிச்ச மாவில் தோசை. செவ்வாய் கொள்ளு. புதன் தட்டைப்பயறும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு, ஆளுக்கொரு முட்டை. வியாழன் அடை, மதியம் பரங்கிக்காய்க் கூட்டும் மோரும். வெள்ளி கறுப்புக் கொண்டைக்கடலைக் குழம்பு, அரைக்கீரை மசியல். சனி கேழ்வரகுக் களியோ கூழோ, கூடவே கீரைக் குழம்பு. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. ஞாயிறு மத்திக் குழம்பு. மீதி முட்டைகளை அவரவர் வசதிப்படி இடையில் சேருங்கள். இதை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. தினமும் ஒரு வேளையாவது கெட்டியான பருப்போ பயறோ, ஒரு காய் அல்லது கீரை கைப்பிடிக்குக் குறையாமல் என்ற இரண்டும் நடந்தால் போதும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் சோற்றைக் குறைத்துப் பயறையும் காயையும் கூட்டலாம். கேழ்வரகுக் கஞ்சி எவ்வளவும் குடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், அதுவும் மாவுச்சத்துதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பைக் கூட்டுவதற்கு முன் கட்டாயம் மருத்துவரைக் கேளுங்கள். இரத்தசோகைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை, நன்றாகச் சாப்பிடுகிறோமே என்று நிறுத்திவிடாதீர்கள்.

கடைசியாக, சமைக்கிறவருக்கும் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இரத்தம் போதவில்லை. பல வீடுகளில் அம்மா கடைசியில் சாப்பிடுகிறார், அதற்குள் குழம்பில் பயறு தீர்ந்து சாறு மட்டும் நிற்கிறது. பரிமாறத் தொடங்கும் முன்பே அவர் பங்குக்கான முட்டையையும் பயறையும் கீரையையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடிவைத்துவிடுங்கள். வீட்டில் யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம். இன்று இரவிலிருந்தே செய்யுங்கள்.